இடது விசிறி நின்ற படம்

என் பிரஸ்ஸிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததில்லை என்று நான் பெருமை பேசிக் கேட்காத ஆள் சிவகாசியில் கிடையாது. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு தடவை வந்தது. அச்சடிக்கச் சொன்னவரே ஒரு கட்டு காலண்டரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, என் மேஜைமேல் தொப்பென்று வைத்தார். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இதுவும் கடைசியில் எனக்குப் பெருமையாகத்தான் முடியும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆமத்தூரில் பிறந்தவன். படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவர்கள். நான் பன்னிரண்டு வயதில் ஒரு பிரஸ்ஸில் மண்ணெண்ணெய் தொட்டு ரோலர் துடைக்கச் சேர்ந்தேன். நான் சொல்லும் இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு அறுபத்திரண்டு வயது. சொந்தத்தில் மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று நாலு கலர், மற்ற இரண்டும் ஒற்றைக் கலர். இதற்கு இடையில் நடந்ததை எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகம் ஆகிவிடும்.

காலண்டர் தொழிலில் எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. வருஷம் முழுக்க ஒரு வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற படம் அது. அதில் அணைந்த விளக்கு வரக்கூடாது. இலை உதிர்ந்த மரம் வரக்கூடாது. மூடின கதவு, வற்றின கிணறு, நின்ற கடிகாரம் எதுவும் கூடாது. பார்ட்டி கொடுக்கிற படத்தில் அப்படி ஏதாவது இருந்தால் கேட்காமலேயே சரிசெய்து கொடுத்துவிடுவேன். ஒரு ரைஸ் மில்காரர் தன் மில்லைப் படம் எடுத்துக் கொண்டுவந்தார். புகைபோக்கியில் புகை இல்லை. நான் புகை போட்டேன். லாரி ஆபீஸ்காரர் படத்தில் ஒரு டயர் காற்று இறங்கி இருந்தது. நான் காற்று ஏற்றினேன். முன்காலத்தில் இதற்கு ஆர்ட்டிஸ்ட் பிரஷ் பிடித்து ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்ததால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அந்த வேலையை என்னிடம் ஒரு பெண் பார்த்தாள். பட்டாசு ஆலை வேனில் வேலைக்குப் போய் வந்த தாய்க்குப் பிறந்தவள், தானே படித்துக் கம்ப்யூட்டர் கற்றவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். கெட்டிக்காரி. ஆனால் வாய் கொஞ்சம் அதிகம்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டு, ஆர்டர் குவிய ஆரம்பித்த நேரத்தில்தான் கேப்டன் வந்தார். உயரமான மனிதர், என் வயதுதான் இருக்கும், முதுகு மட்டும் வளையவில்லை. விருதுநகரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் இருக்கிற ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியர். பூர்வீகம் அருப்புக்கோட்டைப் பக்கம். வடக்கே பல வருஷம் இருந்ததால் பேச்சு நாசூக்காக இருக்கும். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு முழுசாக வந்துவிடும். எனக்கு அந்தக் கோபத்தைப் பார்க்கிற பாக்கியமும் பிறகு கிடைத்தது.

அவர் கேட்டது பன்னிரண்டு தாள் மாதக் காலண்டர். பன்னிரண்டிலும் ஒரே விமானம். இரண்டு எஞ்சின், இரண்டு விசிறி, ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம். ஒவ்வொரு தாளிலும் அதன் சரித்திரம் கொஞ்சம், அதன் திறமை கொஞ்சம்.

"ஒரே விமானத்தையா வருசம் பூராவும் பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரே சாமியை வருஷம் பூராவும் போடலையா?" என்றார்.

ஆள் தேவலை என்று அப்போதே தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் சொன்ன சரித்திரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரிய யுத்தம் முடிந்த பிறகு, வெளிநாட்டில் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்று சின்ன விமானங்கள் செய்ய ஆரம்பித்தார்களாம். முதலில் மூக்கில் ஒரே எஞ்சின். கடல் மேலும் மலை மேலும் போகிறவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அதனால் அதே உடம்பை வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்த எஞ்சினைக் கழற்றி, இரண்டு இறக்கையிலும் பக்கத்துக்கொன்றாக வைத்துவிட்டார்கள். காலியான மூக்கு பெட்டி வைக்கிற இடமாகிவிட்டது. நாங்கள் பழைய மெஷினில் இரண்டாவது கலர் யூனிட்டைச் சேர்க்கிற மாதிரிதான். இவர்களுடைய விமானத்தை முதலில் வாங்கியவர் வடக்கே ஒரு மில் முதலாளி. பருத்தி பார்க்கவே அதில் பறப்பாராம். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் அளக்கிற கம்பெனி ஒன்றுக்குப் போனது. அதற்கப்புறம் கேட்பாரற்றுத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கேப்டன் போய்த் தார்ப்பாயை விலக்கியபோது எஞ்சினுக்குள் மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்ததாம். குஞ்சு பறந்துபோகிற வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகுதான் எஞ்சினைக் கழற்றினாராம்.

"இப்ப என்ன குறை அதுக்கு?" என்றேன்.

"விமானத்துக்கு ஒரு குறையும் இல்லை. பேருக்குத்தான்."

போன வருஷம் பயிற்சியில் இருந்தபோது நடுவானில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டது. கேப்டன் மறு எஞ்சினில் பத்திரமாக இறக்கிவிட்டார். ஆனால் 'எஞ்சின் நின்ற விமானம்' என்று பேச்சு பரவிவிட்டது. பெற்றவர்கள் பயந்துபோய், எங்கள் பிள்ளையை ஒற்றை எஞ்சின் விமானத்தோடு நிறுத்துங்கள் என்றுவிட்டார்கள். தை மாதம் பள்ளி நிர்வாகம் கூடுகிறது. அதற்குள் நாலு பிள்ளைகள், பெற்றவர் கையெழுத்தோடு, இரட்டை எஞ்சின் பயிற்சிக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் விமானத்தைப் பிரித்து உதிரி உதிரியாக விற்பது என்று முடிவு. வருஷப் பிறப்புக்கு ஒவ்வொரு பெற்றவர் வீட்டுக்கும் இந்தக் காலண்டர் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கையில் இருந்த ஆயுதம்.

"ஜனவரித் தாள்தான் முக்கியம். படத்தை மட்டும் நல்லா போட்டுக் கொடுங்க" என்று சொல்லி, எழுத்தைப் பிறகு அனுப்புவதாகப் படங்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் அப்படித்தான் நடக்கும். கலர் படத்தை முதலில் ஓட்டி அடுக்கிவிடுவோம். தேதியும் எழுத்தும் பிறகு ஒற்றைக் கலர் மெஷினில் அதன்மேல் ஏறும்.

ஜனவரிப் படத்தைத் திரையில் பார்த்தேன். வெள்ளை விமானம், கீழே கரிசல் காடு, பக்கவாட்டில் வெயில். அழகான படம். ஆனால் இடது பக்க விசிறி நின்றிருந்தது. சுற்றவே இல்லை. மூன்று இலையும் தனித்தனியாக, குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. புது வருஷத்து முதல் தாளில் நின்ற விசிறியா?

"தாயி, அந்தப் பக்கத்து விசிறியைச் சுத்த விடு" என்றேன்.

"அண்ணாச்சி, எதுக்கும் அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோமே. விமானமும் ஒரு பக்கமா சாஞ்சு இருக்கு பாருங்க. வேணும்னே எடுத்த மாதிரி தெரியுது."

"வேணும்னே எவனாவது நின்ன விசிறியைப் படம் எடுப்பானா? நான் எத்தனை காலண்டர் போட்டவன்? சுத்த விடு. சாஞ்சதையும் நேராக்கு."

"நேராக்கினா இறக்கை நுனி வெட்டுப்பட்டுப் போகும்."

"அப்ப சாய்வு கிடந்துட்டுப் போகுது. விசிறியை மட்டும் சுத்த விடு."

வலது விசிறியின் சுழற்சியை நகல் எடுத்து அவள் இடது பக்கம் ஒட்டினாள். மயிரிழை வித்தியாசம் தெரியாது. நாலு கலரில் ஓட்டி அடுக்கினோம்.

தீபாவளி முடிந்து எழுத்து வந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எழுந்து மெஷினிடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஜனவரித் தாள்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'இடது எஞ்சினை முழுவதும் நிறுத்திவிட்டுப் பறந்தபோது எடுத்த படம்.' நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

மெஷின் சத்தத்தில் யோசித்தேன். யோசித்ததும் பதில் கிடைத்தது.

"எஞ்சின் உள்ள நிக்குது. வெளிய அடிக்கிற காத்துக்கு விசிறி தானாச் சுத்தும்ல? வீட்டு டேபிள் ஃபேன் சுவிச்சை அணைச்சு வச்சா ஜன்னல் காத்துக்குச் சுத்தலையா? ரெண்டும் சரிதான், போட்டுரு."

"சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சரி என்று மட்டும் சொன்னால் நான் தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.

மார்கழி பிறக்கப்போகிற சமயம், மொத்தக் காலண்டரும் தகரப் பட்டை அடித்துத் தயாராகிவிட்டது. முதல் கட்டை மாதிரிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் கேப்டனின் கார் வாசலில் வந்து நின்றது. கட்டு மேஜைமேல் விழுந்த சத்தத்தைத்தான் முதலிலேயே எழுதினேன்.

"யார்யா இந்த விசிறியைச் சுத்த விட்டது?"

நாசூக்கு போய், பேச்சு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிவிட்டது என்று புரிந்துகொண்டேன். என் மேஜையைச் சுற்றி பைண்டிங் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"நான்தான்" என்றேன். "உங்க நல்லதுக்குத்தான். நின்ன விசிறியை எவன் வீட்டுல மாட்டுவான்?"

"நான் அம்புட்டுப் பாடுபட்டு அதை நிப்பாட்டி, பக்கத்துல இன்னொரு விமானத்தைப் பறக்க வச்சுப் படம் எடுத்திருக்கேன். நீரு ஒரு நொடியில சுத்த விட்டுட்டீரே!"

"காத்துக்குச் சுத்துறதா வச்சுக்கோங்களேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காத்துக்குச் சுத்துனா விமானம் கீழ இறங்கும்யா! அதை நிப்பாட்டுனாத்தான் பிழைக்கும். இந்தப் படத்தைப் பாரும். வலது பக்கமா சாஞ்சிருக்கு, வாலுல சுக்கான் வலது பக்கம் திரும்பியிருக்கு. ஒரு எஞ்சின்ல பறக்கையில அப்படித்தான் பிடிக்கணும். ரெண்டு விசிறியும் சுத்தும்போது இப்படிப் பறந்தா, ஓட்டுறவனுக்குப் பறக்கத் தெரியலைன்னு அர்த்தம். நான் பெருமையாப் பறந்த பறப்பு, கிறுக்கன் பறந்த மாதிரி இருக்கு. கீழ 'எஞ்சினை நிறுத்திவிட்டு' வேற எழுதியிருக்கு. பெத்தவங்க பார்த்தா இவன் பொய்க்காரன்னு நினைப்பாங்களா இல்லையா?"

கம்ப்யூட்டர்காரி கண்ணை என்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வேறு யாராவதாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடித்திருப்பார்கள். என் வாய் வேறு.

"நிப்பாட்டுனாப் பிழைக்கும்னு நீங்க சொல்றீக. நான் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

"வாரீரா?"

"வாரேன்."

வீட்டில் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல உக்காந்தா தலை சுத்துதுங்கிற மனுசன், எஞ்சினை நிப்பாட்டிப் பாக்கப் போறீகளாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை என் பையில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் ஏறுவதற்கு முன் ஓடுதளத்தில் நின்றேன். பக்கத்தில் போனால் விமானம் நான் நினைத்ததைவிடச் சின்னது. உள்ளே ஒரு வேன் அளவு இடம்கூட இல்லை. ஒரே ஒரு கதவு, அதுவும் வலது இறக்கைக்கு மேலே. அதனால் ஓட்டுகிறவர் முதலில் ஏறி அந்தப் பக்கம் நகர வேண்டும், பிறகு நான். இறக்கையில் ஏறி உள்ளே குனிகிறபோது கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது ஏறிய களைப்பு.

முன்னால் ஆறு கைப்பிடிகள். இரண்டு கறுப்பு, இரண்டு நீலம், இரண்டு சிவப்பு. கறுப்பு வேகத்துக்கு, நீலம் விசிறிக்கு, சிவப்பு பெட்ரோலுக்கு என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் நாலு கலர் மையில் மூன்று இருக்கிறதே, மஞ்சள் ஒன்றுதான் குறை. வேகம் காட்டும் வட்டத்தில் சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. ஒரு எஞ்சின் நின்றால் முள் நீலக் கோட்டில் இருக்க வேண்டும்; அதுதான் நல்ல வேகம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் விமானம் கை மீறித் திரும்பிக் கவிழும். இவ்வளவையும் இரண்டு கோட்டில் சொல்லிவிட்டான் விமானத்தைச் செய்த வெளிநாட்டுக்காரன். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் அச்சு என்றால் அதுதான்.

ஏறினோம். இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் பாடின. கீழே கரிசல் காடு, சோளம், பருத்தி, நடுவில் நூல் போட்ட மாதிரி ரயில் பாதை. நல்ல உயரம் போன பிறகு, ஓடுதளம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே, கேப்டன் இடது கறுப்புக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார்.

"இப்ப இடது எஞ்சின் வேலை செய்யலை. விசிறி உம்ம இஷ்டப்படி காத்துக்குச் சுத்துது. பாத்துக்கிடும்."

பார்த்தேன். அழகாகத்தான் சுற்றியது. என் காலண்டரில் இருந்த அதே அழகு. ஆனால் விமானம் இடது பக்கமாக இழுத்தது. கேப்டன் வலது காலை அழுத்தி, வலது பக்கமாக லேசாகச் சாய்த்துப் பிடித்தார். வலது எஞ்சின் முழு மூச்சில் கத்தியது. இருந்தும் உயரம் காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஒரு எஞ்சின் போனாப் பாதிச் சக்திதானே போகும்? எதுக்கு இப்படி இறங்குது?" என்று கத்தினேன்.

"ஒரு எஞ்சின் விமானத்தைத் தாங்கவே சரியாப் போயிரும். மேல ஏத்துற சக்தி ரெண்டாவதோடது. அது போனா ஏத்தம் பாதி இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே போயிரும். அதுக்கு மேல இந்த விசிறி வேற காத்தை மறிச்சுக்கிட்டு நிக்குது. அகலமா ஒரு தட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இடது எஞ்சின் போறதுதான் வலதைவிட மோசம். அதனாலதான் அதையே நிப்பாட்டிப் படம் எடுத்தேன். இப்பப் பாரும்."

இடது நீலக் கைப்பிடியை முழுசாகப் பின்னுக்கு இழுத்தார். சிவப்பையும் இழுத்தார். விசிறியின் சுழற்சி மெதுவாகியது. வட்டம் கலைந்து இலைகள் தெரிந்தன. மூன்று இலையும் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றன.

முள் இறங்குவது நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், மெல்ல மெல்ல மேலே ஏறியது. கொஞ்சம்தான். ஆனால் ஏறியது.

வாழ்நாள் முழுக்கக் காகிதத்தோடு புழங்கியவன் நான். மெஷின் பக்கத்தில் மின்விசிறி ஓடும்போது தாளை அகலமாகப் பிடித்தால் பறந்துபோகும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் பேசாமல் இருக்கும். ஐம்பது வருஷமாகக் கைக்குத் தெரிந்த விஷயம். மூளைக்கு அது ஏறுவதற்கு அவ்வளவு உயரம் போக வேண்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, நின்ன விசிறி எப்படி?" என்றார் கேப்டன்.

"தப்பு என்னோடதுதான்" என்றேன். எனக்கு நினைவு தெரிந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது என்று இறங்கிய பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேலேயே எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்துத்தான் இறக்கினார். எலுமிச்சம்பழம் என் பையில் நசுங்கியிருந்தது.

ஊருக்கு வந்ததும் மெஷினைக் காலி செய்தேன். டிசம்பர் மாதம், காலண்டர் வேலை நெருக்குகிற நேரத்தில், நாலு கலர் மெஷினைக் காலி செய்வது என்றால் எங்கள் ஊரில் எத்தனை நஷ்டம் என்று தொழில்காரர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருந்த நகைக்கடைக் காலண்டரை இறக்கிவிட்டு, ஜனவரித் தாளைத் திரும்ப ஏற்றினேன். அசல் படம், ஒரு புள்ளி மாற்றமில்லை. கம்ப்யூட்டர்காரி படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சாய்வை நேராக்கணுமா அண்ணாச்சி?"

"வாயை மூடிக்கிட்டு அனுப்பு தாயி."

பைண்டிங் பெண்கள் ஒவ்வொரு காலண்டரிலும் தகரப் பட்டையைக் கத்தியால் நெம்பி எடுத்து, பழைய ஜனவரியை உருவி, புதியதை வைத்து, புதுப் பட்டை அடித்தார்கள். மூன்று நாள். தகரம் கையைக் கிழிக்கும், யாரும் முணுமுணுக்கவில்லை. நான் விமானத்தில் போன கதையை மூன்று நாளும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஒரு அம்மாள், "அண்ணாச்சி, நேத்து கொஞ்சம்தான் ஏறுனதா சொன்னீக. இன்னைக்கு மேகத்துக்குப் போயிட்டீகளே" என்றாள்.

காலண்டர் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. பொங்கல் கழிந்து கேப்டன் போன் செய்தார். மூன்று கையெழுத்து வந்துவிட்டது. நாலாவது வரவில்லை. நிர்வாகம் கூட நாலு நாள்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். அவருடைய மகள் பயிற்சியில் இருக்கிறாள், கெட்டிக்காரி, அப்பா மட்டும் அசைய மாட்டேன் என்கிறார் என்றார்.

"முகவரியைச் சொல்லுங்க" என்றேன்.

மண்டிக்குள் நுழைந்ததும் இரண்டு தும்மல். சிவப்புக் குவியல்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் துண்டு. நான் யார் என்று சொன்னேன். காலண்டர் எங்கே என்று கேட்டேன். பார்த்த கையோடு மறுபடி சுருட்டி, கயிறு கட்டி மூட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

"அதை எப்படி அண்ணாச்சி மாட்டுறது?" என்றார். "விசிறி நிக்குது அதுல. வியாபாரம் நடக்கிற இடம். நீங்க காலண்டர் போடுறவுக, உங்களுக்குத் தெரியாததா?"

என் சட்டத்தை என்னிடமே சொல்கிறார். அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நிற்கும் மின்விசிறியைப் பார்த்தேன். காலண்டரைப் பிரித்து, அவர் கையிலேயே கொடுத்தேன்.

"இதை ஃபேனுக்கு முன்னால அகலமாப் பிடிங்க."

பிடித்தார். படபடவென்று அடித்து அவர் முகத்தில் மோதியது. வத்தல் தூசி கிளம்பி மண்டியே தும்மியது.

"இப்ப திருப்பி, விளிம்பைக் காட்டிப் பிடிங்க."

பிடித்தார். தாள் அடங்கி நின்றது.

"அம்புட்டுதான். எஞ்சின் நின்னா விசிறியை இப்படித் திருப்பி நிப்பாட்டிருவாக. நிப்பாட்டுனா மறு எஞ்சின் கொண்டு போய்ச் சேத்துரும். சுத்திக்கிட்டு இருந்தாத்தான் ஆபத்து. நான் மேல போய், பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அறுபத்திரண்டு வயசு எனக்கு."

"நீங்களா? போயிட்டா வந்தீக?"

"வராமலா உங்க முன்னால நிக்கேன்?"

அவர் சிரித்துவிட்டார். தாளை இன்னொரு தடவை அகலமாகப் பிடித்துப் பார்த்தார், இன்னொரு தடவை திருப்பிப் பிடித்தார். பிறகு படத்தைக் கிட்டக் கொண்டுபோய், அந்த மூன்று இலையையும் விரலால் தொட்டார்.

"எம்பொண்ணுக்கும் இப்படி நிப்பாட்டச் சொல்லித் தருவாகளா?"

"அதுக்குத்தானே அந்தப் பயிற்சி. எஞ்சினே நிக்காத விமானம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. நின்னா என்ன செய்யணும்னு தெரிஞ்ச பிள்ளையா இருந்தாப் போதாதா?"

அவர் வேலையாளைக் கூப்பிட்டு, "ஏலே, ஒரு ஆணி எடுத்துட்டு வா" என்றார். லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அடிக்கச் சொன்னார். என் காலண்டர் எத்தனையோ சுவரில் தொங்கியிருக்கிறது. ஆணி அடிக்கிற சத்தத்தை நின்று கேட்டது அந்த ஒரு தடவைதான். கையெழுத்து மறுநாளே பள்ளிக்குப் போய்விட்டது.

விமானத்தைப் பிரிக்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு காலை, பிரஸ்ஸில் இருந்தபோது மண்டிக்காரர் போன் செய்தார். மாடியில் நின்று பேசுகிறார் போல, மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, எம்பொண்ணு மேல போறா! இப்பத்தான் எங்க வீட்டைத் தாண்டுனா. உங்க பக்கம்தான் வருது!"

மொட்டை மாடிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பைண்டிங் பெண்கள் ஏறிவிட்டார்கள். கம்ப்யூட்டர்காரி கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு வடகிழக்கே பார்த்து நின்றாள். முதலில் சத்தம், பிறகு வெள்ளையாக ஒரு புள்ளி, பிறகு அதற்கு இறக்கை முளைத்தது. ஆலைகளின் கூரைக்கு மேலே, நேராக வந்தது.

"அண்ணாச்சி, அங்கன தெரியுதா?" என்று போனில் கத்தினார். "ரெண்டு விசிறியும் சுத்துதா பாருங்க. எனக்கு வயசாச்சு, கண்ணு தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை.

"சுத்துனா என்ன, சுத்தாட்டி என்ன?" என்றேன். "போகுதுல்ல?"

"போகுது அண்ணாச்சி, போகுது."